மச்சானுக்கு மட்டும் ஒரு க்ளைமாக்ஸ்

எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த மர்மப் படத்தைத் தமிழில் பார்க்கத் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போது நகரியிலிருந்து மச்சான் போன் செய்தார்.

"டாக்டருதான் கொலகாரன். பாத்துக்கினே இரு."

படத்தில் வேறு எதையும் கவனிக்காமல் டாக்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு முன்பே அவரைக் கொன்றுவிட்டார்கள்.

படத்தின் முடிவு இன்னும் புரியவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் கிணற்றுக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை.

வெளியே வந்ததும் மச்சானைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நானே இன்னும் பாக்கலடா, சும்மா சொன்னேன். இப்பதான் தெலுங்குல பாக்க வந்துகீறேன்."

விடுவேனா?

"தெலுங்குல க்ளைமாக்ஸே வேற மச்சான். பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம்தான் கொலகாரன் வருவான். எழுந்துடாதீங்க."

இந்நேரம் காலி தியேட்டரில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

படம் பார்த்தவர்களே, இந்தப் பதிவுக்குக் கீழே வந்து அவர் கேட்டால் எல்லோரும் ஒரே பதில் போடுங்கள்: "அய்யய்யோ, அதுக்குள்ள எழுந்துட்டீங்களா?"