இரண்டு சென்டிமீட்டர்

கழிவறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்ததும் யோரிட்டின் கண் எதிர்ச்சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டருக்குத்தான் போகும். டச்சுத் துறைமுக ஊரான ஹார்லிங்கனில் எல்லா வீட்டுக் கழிவறையிலும் அப்படி ஒன்று உண்டு. கிழமை, வருடம் எதுவும் அதில் இருக்காது. தேதியும் பெயரும் மட்டும். அதைப் படித்துப் படித்தே இருபது வயதுக்குள் பாதித் தெருவின் பிறந்தநாட்கள் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

வாழ்த்துவதில் அவன் யாரையும் விட்டுவைப்பதில்லை. பிறந்தநாள்காரரோடு சேர்த்து, வட்டமாக உட்கார்ந்து காபி குடிக்கிற எல்லோருக்கும் கை கொடுப்பதுதான் ஊர் வழக்கம். "உங்க பொண்ணுக்காக வாழ்த்துகள்", "உங்க மருமகளுக்காக வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டுக்காரிக்காக வாழ்த்துகள்" என்று சுற்றி வருவான். கடைசியில் மேசைக்கு அடியில் குனிந்து நாயின் காலையும் பிடித்துக் குலுக்குவான். "அதுவும் குடும்பத்துல ஒண்ணுதானே!"

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கடையில் வேலை. அளவு நாடா தொடமாட்டான். ஆள் உள்ளே நடந்து வருவதைப் பார்த்தே, "உங்க சீட்டு உயரம் ரெண்டு சென்டி கம்மி" என்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். "உங்க முட்டியே என்கிட்ட வந்து புகார் சொல்லுது" என்று வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பான். அந்தப் பேச்சை இப்போது விட்டுவிட்டான்.

போன நவம்பரில் ஃபென்னா வந்தாள். நாலு வயதிலிருந்து ஒரே வகுப்பு. கப்பல் படிப்பில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலிக்குதுடா. படி ஏறுனா உயிரே போகுது."

"வலிக்காம என்ன செய்யும்? உன் சீட்டப் பாரு, அஞ்சு வயசுப் புள்ள ஓட்டுற மாதிரி இருக்கு."

ஸ்பேனரை எடுத்தான், இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினான், திருகி இறுக்கினான். ஒரு நிமிட வேலை. அவள் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "டாக்டரய்யா, ஃபீஸ் எவ்வளவு?"

"ஒரு காபி."

மூன்று வாரம் அந்த உயரத்தில் ஓட்டினாள். நாலாவது வாரம் கடை வாசலில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே கால் மடங்கி விழுந்தாள். எலும்பில் புற்றுநோய், நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். ஜூனில் அடக்கம். பத்தொன்பது வயது.

இன்றும் டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிடுகிறான். நவம்பரில் முழங்கால் வலி, ஜூனில் அடக்கம், இடையில் அவ்வளவுதானா? யாரோ கணக்கில் தப்பு செய்துவிட்டதுபோல மறுபடி மாதங்களை எண்ணிப் பார்க்கிறான். ஏழுதான் வருகிறது.

அடக்கத்துக்குப் பிறகு அவள் வீட்டுத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினான். சீட்டைத் தொடாமல், "போய் டாக்டரப் பாரு" என்று சொல்லியிருந்தால்? இதை ஃபென்னாவின் அம்மா யானெக்காவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் முகத்தில் என்ன வரும் என்று பயந்து ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டான்.

செப்டம்பர் ஒன்பது காலை, காலண்டரில் அவள் பெயர். பத்து வயதில் அவளே வந்து எழுதியது. பக்கத்தில் கோணலாக ஒரு படகு. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அந்தத் தேதியில் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. வழியில் ஆப்பிள் கேக் வாங்கினான்.

வீட்டில் நாற்காலிகள் வட்டமாகத்தான் போட்டிருந்தன. யானெக்காவின் தம்பி ஷூர்ட், இரண்டு அத்தைகள், காபி. கேக் இல்லை. காற்று திசை மாறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யானெக்கா எழுந்து வந்தார். யோரிட்டின் கை தானாக நீண்டது. வாய் அதன் பின்னாலேயே போனது.

"ஃபென்னாவுக்காக வாழ்த்துகள்."

யாரோ கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம். ஷூர்ட் பாதி எழுந்துவிட்டார். "டேய், உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

யோரிட்டுக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. கையை இழுக்கப் பார்த்தான். யானெக்கா விடவில்லை.

"நீ உக்காரு, ஷூர்ட். காலையிலேருந்து காத்து, மழை, காத்துன்னே பேச்சு. என் பொண்ணு பேரச் சொல்ல இவன் ஒருத்தன்தான் வந்திருக்கான்." பிறகு அவனைப் பார்த்து, "தேங்க்ஸ்டா" என்றார்.

அந்தக் கையைப் பிடித்தபடியே அவன் கொட்டிவிட்டான். "சீட்ட ஏத்துனது நான்தான். நான் ஏத்துனதாலதான் மூணு வாரம் வீணாப் போயிருச்சு, யானெக்கா."

அவர் முகத்தில் அவன் பயந்தது எதுவும் வரவில்லை. "நான் தினமும் ஐஸ் வெச்சேன்," என்றார். "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்னு சொன்னேன். பத்தொம்பது வயசுல யாருடா வளர்றாங்க?"

அவர் சிரித்தார். வட்டத்தில் வேறு யாராலும் சிரிக்க முடியவில்லை. கேக்கை அவரே வெட்டினார்.

ஃபென்னாவின் சைக்கிளை இப்போது யானெக்கா ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் சங்கிலிக்கு எண்ணெய் போடக் கடைக்குக் கொண்டுவருவார். மகளைவிடக் குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. முதல் தடவை யோரிட் ஸ்பேனரை எடுத்தான்.

"அதத் தொடாத."

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவர் ஏறும்போது பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்கிறான். நாலு எட்டு கூடவே ஓடி, பிறகு கையை எடுக்கிறான். அவர் துறைமுக முனை திரும்பி மறைந்த பிறகும், அவன் கை அதே உயரத்தில் நீண்டிருக்கிறது.