அண்டர்ஸ் விட்டுப்போன வீடு

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். மேனுஜா பொய் சொல்கிறவள் அல்ல. பொலிசிடமும் இதைத்தான் சொன்னாள். தாய் யோகம்மாவிடமும் ஒரு சொல் மாறாமல் இதைத்தான் சொன்னாள்.

மேனுஜா டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் பிறந்து வளர்ந்தவள். சரித்திரம் படித்தவள். அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய டேனிஷ் முன்னோரைத் தேடிக்கொடுப்பது அவளுடைய தொழில். பழைய தேவாலயப் பதிவுகளை வாசித்து ஊரைக் கண்டுபிடிப்பாள். வந்தவர்களை அந்த மண்ணிலேயே கொண்டுபோய் நிறுத்துவாள்.

போன கார்த்திகையில் பென்சில்வேனியாவிலிருந்து றொபேட் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கலகலப்பான மனிதர். அவருடைய வம்சத்தில் முதன்முதலில் அமெரிக்கா போனவன் அண்டர்ஸ் என்ற கொல்லன். நியூயோர்க் இன்னும் ஒல்லாந்தர் கையில் இருந்த காலத்தில் கப்பலேறியவன். கொள்ளைநோய்க்கு மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, மனமுடைந்து கடல் கடந்தான், அங்கே மறுபடி குடும்பம் கண்டான் என்பது குடும்பக் கதை. 

அண்டர்ஸின் காணி ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருந்தது. இருவரும் மத்தியானம் ஹோர்சன்ஸில் சாப்பிட்டுவிட்டுக் காரில் போனார்கள். போய்ச் சேரும்போதே பொழுது மங்கத் தொடங்கிவிட்டது.

வரைபடத்தில் அந்த இடம் வெறும் வயல். ஆனால் வயலின் நடுவே ஒரு வீடு நின்றது. நாணல் வேய்ந்த தாழ்ந்த கூரை. புகைபோக்கியில் புகை இல்லை. மின்கம்பி இல்லை. வாசலுக்குப் பாதைகூட இல்லை. பழைய வீட்டை யாரோ பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று மேனுஜா நினைத்தாள். றொபேட் சின்னப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தார்.

அவர்கள் தட்டவில்லை. கதவு தானாகத் திறந்தது.

எலும்பும் தோலுமாக ஒரு பெண் நின்றாள். அவள் பேசிய பழைய யூலாந்து வட்டார டேனிஷ் மேனுஜாவுக்கே பாதிதான் விளங்கியது.

“இவர் அண்டர்ஸின்ர ஆளோ?”

அந்தப் பெயரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தாங்கள் தேவாலயத்தில் விசாரித்ததைக் கேள்விப்பட்டிருப்பாள் என்று மேனுஜா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஓம் என்றாள்.

றொபேட் மகிழ்ந்துபோனார். அண்டர்ஸைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பெண் அவரை விட்டுக் கண்ணெடுக்காமல் பேசினாள். மேனுஜா வரிவரியாக மொழிபெயர்த்தாள்.

“பக்கத்து வீட்டில நோய் வந்தது. இஞ்ச வரேல்லை. ஆனா அண்டர்ஸ் பயந்திட்டான். வெளியில நிண்டு கதவை ஆணியடிச்சான். யன்னலையும் அடிச்சான். அடிச்சுப்போட்டுப் போயிட்டான்.”

றொபேட்டின் சிரிப்பு வற்றியது. பிறகு என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டார்.

“நாங்கள் தட்டினம். கடைசிப் பிள்ளைதான் கனநாள் தட்டினது.”

மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் மேனுஜாவுக்கு உறைத்தது. நாங்கள் தட்டினம்...

றொபேட் தொப்பியைக் கழற்றினார். தன் குடும்பத்துக்காக மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லச் சொன்னார்.

“உள்ள வந்து கேக்கட்டும். பிள்ளையளும் இருக்குதுகள்.”

மேனுஜா அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். போகவேண்டாம் என்றாள். இதுகூடச் செய்யாவிட்டால் தான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தது என்று கேட்டுவிட்டு, அவர் குனிந்து உள்ளே போனார்.

அவளும் காலெடுத்து வைத்தாள். பெண் மறித்தாள்.

“நீ எங்கட ஆளில்லை.”

கதவு மூடியது.

மேனுஜா கதவில் காதை வைத்தாள்.

பிறகு... டொக். டொக். டொக்.

“மேனுஜா, கதவைத் திறவுங்கோ.”

அவள் இழுத்தாள். அசையவில்லை. கையில் ஏதோ குத்தியது. பார்த்தாள்.

ஆணிகள். துருப்பிடித்த ஆணிகள். கதவைச் சுற்றி, வெளிப்பக்கமாக.

“மேனுஜா... தண்ணி...”

குரல் மெலிந்தது. தட்டுவது மட்டும் கேட்டது.

பிறகு சுரண்டுவது.

பிறகு...

ஒன்றுமில்லை.

அவள் ஓடினாள். பக்கத்துப் பண்ணைக்காரன் கதவை நெம்ப அலவாங்கோடு வந்தான். கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

வீடு இல்லை. வெறும் வயல்.

ஈர மண்ணில் றொபேட் சுருண்டு கிடந்தார். உயிர் இல்லை. விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. நுனிகளில் மரச்சிராய். காலையில் இறுக்கமாக இருந்த மேலங்கி, இப்போது குச்சியில் மாட்டியதுபோல் தொங்கியது.

அந்த மனிதர் பல நாட்களாகச் சாப்பிடவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை என்று பரிசோதித்த டாக்டர் சொன்னார். அன்று மத்தியானம் தன்னோடு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டவர் என்றாள் மேனுஜா. உணவகத்துக் கமராவிலும் அது இருந்தது. பொலிஸ் அவளை மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டது.

மூன்று மாதம் அவள் வேலைக்குப் போகவில்லை. மாசியில் ஒரு பின்னேரம் போன் வந்தது. றொபேட்டின் தங்கை. மேனுஜா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். தங்கை அவளைத் தேற்றினாள். குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்ததற்கு நன்றி சொன்னாள். போன கிழமை முழுக்க மேனுஜா ஒவ்வொரு நாளும் போனெடுத்து ஆறுதல் சொன்னதை மறக்கமாட்டாளாம். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் குடும்பமே வரச் சம்மதித்ததாம்.

மேனுஜா யாருக்கும் போனெடுக்கவில்லை.

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

“வயலுக்கு வந்திட்டம். நீங்கள் சொன்ன மாதிரிப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். அதுகள் அந்தா, முன்னுக்கு ஓடிப்போய் அந்த வீட்டுக்குள்ள போயிட்டுதுகள்.”