ஊதாப் பூ பூக்க வேண்டும்

காராமணிப் பூ பிறரை நம்பாது. விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தன் மேலேயே தூவிக்கொண்டு காரியத்தை முடித்துவிடும். அதை வேறொரு செடியோடு சேர்க்க வேண்டுமானால், முந்தின நாள் சாயங்காலமே மொட்டைக் கீறி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். விடிந்ததும் அந்த வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வேளாண்மை மேற்படிப்புக்காக ஒரு பருவம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தேன்.

தாய்ச்செடிக்கு வெள்ளைப் பூ. நன்றாகக் காய்க்கும், தண்ணீர் இல்லையென்றால் சுருண்டுவிடும். தகப்பன் செடியின் விதை எனக்குப் பெரிய மார்க்கெட்டில் கிடைத்தது. "மழ பேயலன்னாலும் காய்க்கும், எடுத்துனு போ" என்றார் விற்ற அம்மா. வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். தொட்டியில் போட்டுத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தால், அது பாட்டுக்கு ஊதாவாகப் பூத்து நின்றது. எப்படி இது? அன்று முழுக்க அந்தத் தொட்டியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

இரண்டையும் சேர்த்தால் பிள்ளை வறட்சி தாங்குமா என்பது அப்புறம். கலப்பில் ஊதா வெள்ளையை அடக்கிவிடும்; அதனால் முதலில் பிள்ளை ஊதாவாகப் பூக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்தால் கலப்பே நடக்கவில்லை, என் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

கல்லூரிப் பண்ணையில் எனக்கு உதவிய அக்கா, பஞ்சாலை மூடியபின் தினக்கூலிக்கு வந்தவர். நான் கீறிய மொட்டில் சிவப்பு நூல், அவர் கீறியதில் மஞ்சள். எடுத்த பைகளைப் புறங்கையில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக எண்ணுவார்.

"இப்டி எண்ணிக்கினு இருந்தா இருட்டிடும்க்கா" என்பேன். பார்த்தாலே எனக்குத் தெரியும் என்ற திமிர்.

விளைந்த விதைகளைத் தனித்தனி வரிசையில் விதைத்து, அதே நிற நூல்களைக் கட்டிவைத்தோம். பூக்கும் நாளில் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து சைக்கிளில் விடியற்காலையிலேயே போய்விட்டேன். மஞ்சள் நூல் வரிசை முழுக்க ஊதா. சிவப்பு நூல் வரிசையில் முதல் செடி வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. கடைசிவரை வெள்ளைதான். ஒரு பையை விட்டுவைத்தாலே போதும், பூ சும்மா இருக்காது.

பேராசிரியர் வந்து ஊதா வரிசையைப் பார்த்ததும் என் முதுகில் தட்டினார். "நல்ல கைப்பா உனக்கு." படிப்பு பிழைத்தது என்ற சந்தோஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா பக்கத்தில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வெள்ளை வரிசைக்குப் போனார். "இது அந்தம்மா செஞ்சதா? இதுக்குத்தான் கூலி ஆள மொட்டத் தொட வுடாதன்னு சொன்னேன். இனிமே களைக்கு மட்டும் வெச்சுக்க."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "அடுத்த தபா சரியா எடுக்கறேன் சார்" என்றார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"சார், அந்த வெள்ளை என்னுது" என்றேன். "ஊதாதான் அக்கா செஞ்சது."