புங்கமர நிழலும் பேஸ்மென்ட் தண்ணீரும்

செங்கல்பட்டில் நாங்கள் கட்டிய அரசு நூலகத்துக்கு மூன்று மாடி, ஒரு பேஸ்மென்ட். ஒப்பந்தக்காரரிடம் நான் சைட் இன்ஜினியர். மாடிகள் மூன்றும் ஒழுங்காக எழுந்து நின்றன. அதில் எனக்குப் பெரிய பங்கில்லை. பேஸ்மென்டில் தண்ணீர் நின்றது. அதில் முழுப் பங்கும் என்னுடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசியின் முதல் மழைக்கே முழங்கால் ஆழம். ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி படியில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னய்யா, வேடந்தாங்கல் போற நாரையெல்லாம் இங்கயே எறங்கிடும் போலருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "மூணு வாரம் கழிச்சு வருவேன். செவுரு காஞ்சிருந்தா இது புத்தக அறை. இல்லன்னா வண்டி நிறுத்திக்கலாம்."

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார், நூலகர் மேடம். அவருடைய பழைய நூலகம் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. கூரை ஒழுகி, பாதிப் புத்தகங்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அவற்றுக்கென்று புதுக் கட்டடத்தில் ஒதுக்கியிருந்த ஒரே இடம் இந்தப் பேஸ்மென்ட்.

"சார், அங்க மேலருந்து ஒழுகுது, இங்க கீழருந்து ஊறுது. என் புஸ்தகத்த நடுவுல கொடி கட்டித் தொங்கவிடட்டுமா?"

"பத்தே நாள் மேடம். அப்புறம் நீங்க இங்க அப்பளம் காய வைக்கலாம்" என்றேன். என் வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடுகளில் இது கடைசி அல்ல.

மறுநாளே மோட்டார் வாடகைக்கு விடும் பாய் வந்து இறங்கினார். அவருடைய மோட்டார் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு இறால் குட்டையில் வேலை முடித்து நேராக வந்திருந்தது. அது ஓட ஆரம்பித்ததும் பேஸ்மென்ட் முழுக்க மீன் மார்க்கெட் வாசம். மேடம் தினமும் காலையில் மின்சார ரயிலை விட்டிறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

பகலெல்லாம் இறைப்போம், காலையில் வந்தால் கணுக்கால் ஆழம் நிற்கும். நான் ஊர் ஏரிமேல் பழி போட்டேன். ஏரி எதிர்த்துப் பேசாது என்பது அதில் ஒரு வசதி. பிறகு பக்கத்து பிரியாணிக் கடையின் மேல் சந்தேகம் வந்தது. துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலு பாட்டில் வாங்கி, மூன்றை அண்டா கழுவும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, என் சுவரில் நீலம் வருமா என்று இரண்டு நாள் காத்திருந்தேன். சுவரில் வரவில்லை. என் ஒரே வெள்ளைச் சட்டையில் மட்டும் வந்தது.

இரண்டு வாரம் போய்விட்டது. பாய் டீயை உறிஞ்சியபடி மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நானும் பாத்துகினே கீறேன். இத்தினி நாள் ஓடின ஓட்டத்துக்கு ஏரியே காலியாயிருக்கணும். இது இன்னா தண்ணி, போய்ப் போய் வந்துகினு கீது?"

"நிலத்தடி நீர் பாய். டெக்னிக்கல் விஷயம்."

"இன்னா டெக்னிக்கலோ! ஊர்ல எல்லார் வூட்லயும் நீலம் ஊத்திப் பாத்தியே, நம்ம வூட்ல ஊத்தினியா?"

மீதமிருந்த பாட்டிலை எடுத்துப் போய், தன் ஹோஸ் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த குழியில் முழுவதையும் கவிழ்த்தார்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மழைநீர் சேகரிப்புக் குழி. சட்டப்படி கட்டாயம். ஜல்லி, மணல் எல்லாம் அளவாகப் போட்டு, பக்கத்தில் பலகை நட்டு, அதோடு நின்று படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தேன். வரைபடத்தில் அதன் இடம் வடக்கு மூலை. வடக்கு மூலையில் ஒரு புங்கமரம். அந்த மனையில் வேறு நிழலே கிடையாது. அதன் கீழே என் பைக் நிற்கும். அதனால் குழியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், கட்டடத்துப் பக்கமாக நகர்த்தியிருந்தேன். சுவரிலிருந்து நாலடி.

மறுநாள் காலையில் பேஸ்மென்ட் சுவரில் நாலு நீலக் கோடு இறங்கியது. இரண்டு வாரமாக நான் இறைத்ததையே குழியில் ஊற்றி, குழி அதைச் சுவருக்குக் கொடுத்து, சுவர் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

"ஒரே தண்ணிய வெச்சிகினு என் மோட்டார பேஜார் பண்ணிட்டியே சார்!" என்று பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நேரம் பார்த்து மேடமும் டார்ச்சோடு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் பைக் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் ஏழு நாள் இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஹோஸை நீட்டித் தெரு வடிகாலுக்குத் திருப்பினோம். குழியை மூடி, புங்கமரத்தடியில் புதிதாகத் தோண்டினோம். சுவர் கசிந்த இணைப்பில் சிமென்ட் பால் ஏற்றி அடைத்தோம். கல்யாண மண்டபத்து ராட்சத ஃபேன்கள் நாலும் இரவு பகலாகச் சுற்றின.

ஏழாம் நாள் அதிகாரி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். காய்ந்திருந்தது. "இதென்னய்யா நீலக் கோடு?"

"டிசைன் சார்" என்று நாக்கு நுனி வரை வந்தது. மேடம் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டு, "என் தப்பு சார். குழிய எடம் மாத்தித் தோண்டிட்டேன்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அலமாரி எப்ப வருதும்மா?" என்று மேடத்திடம் கேட்டார்.

பிறகு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினேன். மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். "அது இருக்கட்டும் சார். மறுபடி ஈரம் வந்தா நீலந்தான் மொதல்ல கலங்கும். எனக்குத் தெரிஞ்சிடும்." அலமாரிகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடச் சொல்லி, இன்றும் காலையில் அந்தச் சந்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். திரும்பி வந்தால் பைக் சீட் தோசைக்கல்லாகக் கொதிக்கும். புங்கமர நிழலில் குழி சுகமாக இருக்கிறது.