வீடு தேடித் தந்த வெந்நீர்

பச்சைத் தேயிலையின் மேல் சுடுநீர் விழுந்ததும் எழும் மணத்தில் வெட்டிய புல்லும் அவித்த கீரையும் கலந்திருக்கும். அந்த மணம் எங்கிருந்து வந்தாலும் என் நினைவுக்கு வருவது, பாரிஸின் லா சப்பலில் பெரியம்மா வீட்டுக் குசினி அடுப்பருகே நின்று ஜப்பானிய மொழியைப் பாடமாக்கிய என் அம்மாதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நால்வரும் பெரியம்மா வீட்டின் ஓர் அறைக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். "பலோன்" என்று நாங்கள் சொல்லும் சுடுநீர்த் தொட்டி, எல்லாரும் குளித்து அம்மாவின் முறை வரும்போது காலியாகியிருக்கும். பாரிஸ் குளிரில் அம்மா பச்சைத்தண்ணீரில்தான் குளிப்பார். தனி வீடு கேட்டுப் போன இடமெல்லாம், அப்பாவின் நிரந்தர வேலை ஒப்பந்தம் மட்டும் போதாது, அம்மாவுடையதும் வேண்டும் என்றார்கள். அந்த ஒப்பந்தத்தை, "செதேஇ"யை, எங்கள் வீட்டில் சாமி பெயர்போல உச்சரிப்பார்கள். ஒப்பேரா பக்கம் ஒரு ஜப்பானியத் தேநீர்க் கடை அம்மாவை "எஸ்ஸே" என்ற சோதனைக் காலத்துக்கு எடுத்திருந்தது. அதில் தேறினால் ஒப்பந்தம், ஒப்பந்தம் வந்தால் வீடு.

கடை முதலாளி ஒரு ஜப்பானிய அம்மையார். அம்மா அவரை "மதாம்" என்பார். அம்மாவின் பிரெஞ்சு அரைகுறை, மதாமின் பிரெஞ்சு அதிலும் மோசம். அதனால் மதாம் எதையும் தன் மொழியிலேயே கேட்டார். கேட்டதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான். குழாயில் குளிர்ந்து வருவது "மிசு". சூடேறினால் "ஒயு". கை பொறுக்கும் சூடென்றால் "நுருமயு", கொதித்துத் துள்ளினால் "நெத்தோ", கொதிக்கவைத்து வெறுமனே குடிப்பது "சயு". ஸ்டாலின்கிராட் நிலையத்தில் மெத்ரோ ரயில் ஏறும்வரை அம்மா இவற்றை முணுமுணுத்தபடியே நடப்பார். பிரெஞ்சில் எல்லாமே "ஓ" தானே, ஒரு தண்ணீருக்கு எதற்கு இத்தனை பெயர் என்று நான் எரிச்சலோடு கேட்டேன்.

"சூடாக்கினா அது வேறை சாமான், பிள்ளை. அரிசி வெந்தா சோறு எண்டுறம். வெந்த அரிசி போடுங்கோ எண்டு ஆரும் கேக்கிறவையோ?"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பிரெஞ்சே வாயிலை வரேல்லை, உனக்கு யப்பான் பாசையோ? உந்த வேலையை விட்டிட்டு என்னோடை ஹோட்டல் துப்பரவாக்க வா," என்பார்.

சோதனைக் காலம் முடியும் வாரத்தில், பள்ளி இல்லாத ஒரு புதன்கிழமை, அம்மா என்னையும் கூட்டிப்போனார். கடையில் நல்ல கூட்டம். மதாம் உயர்ந்த தேயிலையை எடுத்துவைத்து "ஒயு" கேட்டார். கொதிநீர் பட்டால் அந்த இலை கசந்துவிடும், சூடு தணிய வேண்டும் என்று கையாலேயே காட்டினார். சூடு தணிய நாம் என்ன செய்வோம்? விளாவுவோம். அம்மாவும் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவுவதுபோலக் குழாய்த் தண்ணீரைக் கலந்து, விரலால் பதம் பார்த்துக் கொடுத்தார். மதாம் ஒரு வாய் சுவைத்துவிட்டு, முழுவதையும் கழுவுதொட்டியில் கொட்டினார். அம்மா இன்னும் கவனமாக விளாவிக் கொடுத்தார். அதுவும் தொட்டிக்கே போனது. மதாம் குழாயைக் காட்டி, "மிசு!" என்று சொல்லி, கூடாதென்று தலையை அசைத்தார். அந்தத் தண்ணீரோடு எங்கள் வீடும் ஓடிப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மா குழாயைப் பார்த்தார், கொதிக்கும் கேத்தலைப் பார்த்தார். "பச்சைத்தண்ணி படக்கூடாதாம். அப்ப ஆத்தித்தான் குடுக்கோணும்," என்றபடி இரண்டு குவளைகளை எடுத்தார். ஒரு கை தலைக்கு மேல் போனது, மறு கை இடுப்புக்குக் கீழே இறங்கியது. வீட்டில் தேத்தண்ணி ஆற்றுகிற அதே வீச்சு. ஆவி பறக்கத் தண்ணீர் நீண்டு விழுந்தது, ஒரு துளி சிந்தவில்லை. கிண்ணத்துக்குக் கிண்ணம் மெல்ல ஊற்றி ஆறவைக்கும் மதாம் வாயைப் பிளந்து நின்றார். பிறகு அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்ததும் குவளைகளைப் பிடுங்கித் தானும் வீசிப் பார்த்துச் செருப்பெல்லாம் நனைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலையே அம்மாவைக் குசினியிலிருந்து முன்மேசைக்கு அழைத்துக்கொண்டார். வந்தவர்கள் தேநீரை மறந்து அம்மாவின் கையையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கை தட்டியே விட்டேன்.

ஒப்பந்தம் வந்தது. "யப்பான்காரருக்கே தேத்தண்ணி போடுறது என்ரை தங்கச்சியாக்கும்," என்று லா சப்பல் கடை கடையாகச் சொல்லித் திரிந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியம்மாவேதான்.

இன்று அந்தத் தேநீர்க் கடை இல்லை; அந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். மதாம் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். அம்மாவும் ஓய்வு பெற்றுவிட்டார். வேண்டிய சூட்டில் தானே நிற்கும் மின்கேத்தல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

ஆனால் பாரிஸின் புறநகரான வில்லியே லே பெல்லில் எங்கள் வீடு இருக்கிறது. குடிவந்த அன்று சாமான்களை இறக்கக்கூட விடாமல் அம்மா நேரே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீருக்குக் கீழே கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றார். பிறகு அந்த அடுக்குமாடி முழுவதற்கும் கேட்கும்படி ஒரே ஒரு சொல்லைக் கத்தினார்:

"ஒயு!"