ரங்கநாயகி டீச்சர் போட்ட புருஷன் வேஷம்

திண்டிவனத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் என்னோடு வேலை பார்த்த தோழி வாசலில் வந்து நின்று, "நம்ம தையல் டீச்சர் போய்ட்டாங்க" என்றார். வெளியே வந்து இருவரும் அழுதோம். பேச்சு அந்த நாடகத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டோம். ரங்கநாயகி டீச்சரை அறிந்த நீங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

விழுப்புரம் பெண்கள் பள்ளியில் அவர் தையல், நான் தமிழ். கெடாரில் வாழ்க்கைப்பட்டு, கணவனை விட்டு வந்து தனியாக இருந்தார். கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ் அவரைத் தாண்டிப் போகும். அவர் அதைப் பாராதவர்போல, எதிரே இருப்பவரின் ரவிக்கைத் தையலைப் பற்றி என்னிடம் வம்பளந்துகொண்டிருப்பார்.

ஒருமுறை மாதர் சங்க விழாவுக்கு எங்கள் தாய்மார் காலத்து நாடகம் ஒன்றை எடுத்தோம். எல்லா வேடமும் பெண்களே. கணவன் உறுமுவான், உதைப்பான், தாசி வீட்டுக்குப் போவான். திரும்பி வந்தவன் காலில் மனைவி விழுந்து மன்னிப்புக் கேட்பாள். நாடகம் முடிந்ததும் கதாநாயகி கையால் சுமங்கலிகளுக்குக் குங்குமம் கொடுப்பது சங்கத்து வழக்கம். மனைவி வேடத்துக்கேற்ற குரல் ரங்கநாயகிக்குத்தான். குங்குமத்தை நினைத்துச் சங்கத் தலைவியம்மா மறுத்துவிட்டார். வேடம் எனக்கு வந்தது. நான் சங்கடப்பட்டபோது ரங்கநாயகி சொன்னார்: "எனக்குப் புருஷன் வேஷம் குடுங்க. பக்கத்துல இருந்து பாத்துட்டு வந்தவ நானு."

ஒத்திகையில் புத்தகப்படி உறுமினார். மேடையில் உறுமவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். தண்ணீர் கேட்டார். செம்போடு போய் நின்றேன். வாங்காமல் பக்கத்தைத் திருப்பினார். கால் மாற்றி நின்றேன். இன்னொரு பக்கம் திரும்பியது. ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் கண்டமங்கலத்திலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருவர், "எம்மாம் நேரம் நின்னுக்கினு இருப்ப? அவந் தலையிலயே ஊத்துடி" என்றார்.

ஊற்றிவிட்டேன்.

மையால் வரைந்த மீசை கன்னத்தில் வழிந்தது. ரங்கநாயகி ஈரச் செய்தித்தாளை நிதானமாக மடித்து, கணவனின் குரலிலேயே, "இது புஸ்தகத்துல இல்லியே டீச்சர்" என்றார். கொட்டகை அதிர்ந்தது. அதற்குமேல் காலில் விழும் காட்சி எப்படி நடக்கும்? திரையை இறக்கிவிட்டார்கள்.

குங்குமத் தட்டோடு நின்றேன். அதே கண்டமங்கலத்து அம்மாள்தான் முதலில் வந்தார். "எங்க உம் புருஷன்? அவங் கையாலதான் நான் வாங்கிக்குவேன்." எல்லோரும் சிரித்தார்கள், தலைவியம்மா சிரிக்கவில்லை. ரங்கநாயகி திரை ஓரத்தில் ஈரச் சட்டையோடு நின்றார். அம்மாள் குரலைத் தணித்து, "வாம்மா, நெத்தியில வச்சு வுடு. பஸ்ஸு போயிடும்" என்றார்.

மை படிந்த விரல் தட்டுக்கு மேல் சற்று நின்றது. பிறகு குங்குமத்தைத் தொட்டது. அந்த அம்மாளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து ரங்கநாயகி முன் நெற்றியைக் காட்டினார்கள். தலைவியம்மா வரவில்லை. அதை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

இப்போது வகுப்பில் பழைய நாடகங்களை நடத்தும்போது, கணவன் வசனத்தைப் படிக்க மாணவிகளிடம் கொடுக்கிறேன். ஒவ்வொருத்தியும் யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் சத்தம்தான் ரங்கநாயகி டீச்சர் எனக்கு விட்டுப் போனது. அதை நான் குறைக்கப்போவதில்லை.