எண்ணெய்க் கையோடு வீட்டுக்குள்

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எனக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார் ஒருவர். தொந்தி, மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் எண்ணெய். வழுக்குகிற போனை மட்டும் விடவில்லை. குளிக்கக் கிளம்புவார், பாதியில் திரும்பி வந்து, இலஞ்சியில் இருக்கும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போன் வழியாகத் திறக்கப் பார்ப்பார். மகளின் கல்யாணப் பத்திரிகை அதில்தான் இருந்தது. அச்சகத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கம்ப்யூட்டரோ அகப்படவே இல்லை.

கடைசியில் மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“இடி இடிச்சுதுல்லா, மோடத்தைக் கழட்டி வச்சிருக்கேன்,” என்றார் அந்த அம்மா.

“மொதல்ல அதை மாட்டு!”

“மாட்டிட்டேன். பத்திரிகைய நானே அனுப்பட்டுமா? கம்ப்யூட்டர் முன்னாலதான இருக்கேன்.”

“நீ சும்மா இரு. நான் இங்கன இருந்தே அனுப்புதேன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அமெரிக்காவுல இருந்தாலும் இப்பிடி நம்ம வீட்டுக்குள்ள போயிரலாம், பாத்துக்கிடுங்க,” என்றார். எண்ணெய் விரலில் பாஸ்வேர்டு தப்புத் தப்பாக விழுந்தது.

ஒருவழியாக வீட்டுத் திரை போனில் தெரிந்தபோது, “அனுப்பிட்டேங்க, அச்சகத்துக்குப் போய்ச் சேந்துட்டாம்,” என்று ஸ்பீக்கரில் மனைவியின் குரல் வந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. இனி அங்கே அவருக்கு வேலையில்லை. ஆனாலும் திரும்ப மனமில்லாமல், திரையில் இருந்த அம்புக்குறியை அங்கும் இங்கும் இழுத்துப் பார்த்தார்.

“ஏங்க, இங்கன அம்பு தானா ஓடுது!”

“நான்தான். வந்துட்டேன்.”

“வந்தது சரி, எண்ணெய்க் கையோட எதையும் தொட்டுராதீய!”

அவர் சட்டென்று விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.